எர்த்ஸீ: பேரும் பனியும் தெரிந்த பிள்ளைகளுக்கு

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் தரம் 7இல் படிக்கிறாள். வெளிநாட்டிலிருக்கும் மாமா அனுப்பிய பார்சலில் 'எர்த்ஸீ' என்ற ஆங்கிலக் கதைத் தொடர் வந்திருக்கிறது. முதல் புத்தகத்தை எடுத்தவள் கீழே வைக்கவில்லை, சோற்றுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. தகப்பனோ, "அம்பது வருசத்துக்கு முந்தின மந்திரவாதிக் கதை, அதுல என்னா இருக்கு? பாடத்தப் படிக்கச் சொல்லு" என்கிறார். இவ்வளவு பழைய கதையைப் பிள்ளைகள் இன்னும் ஏன் விடாமல் வாசிக்கிறார்கள், வாசிக்க விடலாமா என்பது தாயின் கேள்வி.

விடலாம், தங்கச்சி. ஒரு சொல்லோடு நிறுத்த எனக்கு மனமில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். முப்பத்து நாலு வருசம் ஹட்டன், நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். இந்தத் தொடரை வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறேன், தமிழில் கதையாகச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளுக்கு இரவல் கொடுத்திருக்கிறேன். இரவல் போன மற்றப் புத்தகங்கள் பெரும்பாலும் போன மாதிரியே திரும்பி வரும். இது மட்டும் ஓரம் மடிந்து, ரொட்டி சுட்ட எண்ணெய் பட்டு, அடுப்புப் புகை வாசத்தோடு வரும்.

எழுதியவர் அமெரிக்காவைச் சேர்ந்த உர்சுலா லெ குவின். 1929இல் கலிபோர்னியாவில் பிறந்து 2018இல் காலமானவர். 1967இல் ஒரு சிறிய பதிப்பகம், வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதித் தரும்படி அவரைக் கேட்டது. கதைகளில் வரும் மந்திரவாதி எப்போதும் வெள்ளைத் தாடிக் கிழவராகவே இருக்கிறாரே, அவரும் ஒரு காலத்தில் பொடியனாக இருந்திருப்பாரே, அப்போது எங்கே போய்ப் படித்தார் என்று அவர் யோசித்திருக்கிறார். தொடருக்கு வித்து அந்த யோசனைதான். முதல் புத்தகம் 1968இல் வந்தது, இரண்டாவது 1971, மூன்றாவது 1972. மூன்றாவதற்கு 1973இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருது கிடைத்தது. அதற்குப் பிறகு பதினெட்டு வருச இடைவெளி. 1990இல் நான்காவது, 2001இல் இன்னும் இரண்டு, ஆக ஆறு. மந்திரப் பள்ளிக்கூடம் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்கு வேறு கதைகளும் படங்களும் ஞாபகத்துக்கு வரும். அவையெல்லாம் வருவதற்குப் பல வருசம் முன்பே இவர் தன் கதையில் வரும் ரோக் தீவில் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டிவிட்டார்.

கதை நடப்பது கடல் நடுவே சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான தீவுகளில். அதில் ஒன்று கோண்ட். தீவு என்று பேர்தானே தவிர, அது கடலுக்குள்ளிருந்து எழும்பி நிற்கும் ஒற்றை மலை. அந்த மலையின் மேல்பகுதியில் ஒரு ஏழைக் கிராமத்தில் டூனி என்ற பையன் ஆடு மேய்க்கிறான். தாய் அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டாள். தகப்பன் வெண்கலக் கொல்லன், அதிகம் பேசாதவன். தாயின் சகோதரிக்குக் கிராமத்து மந்திரம் கொஞ்சம் தெரியும். கூரை மேல் ஏறிவிட்ட ஆட்டை அவள் ஏதோ சொல்லிக் கூப்பிட, அது இறங்கி வருகிறது. பையன் அதைக் காதில் வாங்கிக்கொள்கிறான். அடுத்த நாள் மலையில் அதே வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்கிறான். மந்தை முழுக்க வந்து அவனை நெருக்கிக்கொள்கிறது. வரவழைக்கத் தெரிந்தவனுக்கு அனுப்பிவிடத் தெரியவில்லை. ஆடுகள் சூழ்ந்தபடியே அழுதுகொண்டு ஊருக்குள் ஓடி வருகிறான்.

இந்த இடத்தில் சிரிக்காத பிள்ளையை நான் கண்டதில்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஆட்டுப்பட்டி உள்ள வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் விடக் கூடச் சிரிப்பார்கள். ஆனால் முழுக் கதையும் அந்த ஆட்டுக்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது பின்னால்தான் தெரியும்.

அடுத்து வருவது பனி. அவனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது கார்க் என்ற படையினர் கடல் கடந்து வந்து, ஊர் ஊராக எரித்துக்கொண்டு மலையேறி வருகிறார்கள். கிராமத்தில் ஆட்களும் குறைவு, ஆயுதமும் குறைவு. யாரோ ஒரு வானிலை மந்திரக்காரனிடம் விளையாட்டாகக் கற்ற ஒரு சின்னப் பனி மந்திரம் பையனுக்குத் தெரியும். இருந்த பலத்தையெல்லாம் அதில் போட்டுச் சொல்கிறான். பனி இறங்கி ஊரை மூடிவிடுகிறது. வந்தவர்களுக்குத் தங்கள் கையே தெரியவில்லை. ஊர்க்காரர்களுக்கோ ஒவ்வொரு கல்லும் திருப்பமும் காலுக்குத் தெரியும். ஓடிக் காட்டி, விரட்ட வைத்து, மலை விளிம்பு வரை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

இதை நோர்வூட் பக்கத்து வகுப்பு ஒன்றில் வாசித்த நாள் ஒரு ஆடி மாதத்துப் பின்னேரம். யன்னல் கண்ணாடி இல்லாத வகுப்பறை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பனி உள்ளே வந்து பின்வரிசைப் பிள்ளைகளின் முகம் மங்கிவிட்டது. நான் புத்தகத்தை மூடப் போனேன். முன்வரிசையில் ஒருவன் எழும்பி, "டீச்சர், அவனுக வெளியாளு, பாத தெரியாது. நம்மாளுகளுக்குக் கண்ண மூடிக்கிட்டே எறங்கத் தெரியும்" என்றான். பசுபிக் கடலோரத்து மாநிலத்தில் பிறந்த ஒரு பெண்மணி கற்பனையில் கண்ட தீவின் மக்களை அவன் 'நம்மாளுக' என்றுவிட்டான். அவனுக்கு யாரும் விளக்கம் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்னால் போகிறவரின் முதுகு தெரியாத பனியில் குறுக்குப் பாதையால் பள்ளிக்கூடம் வந்து போகிற பிள்ளை அவன்.

இந்தத் தொடர் நிலைத்து நிற்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால், நான் பேர் என்பேன். எர்த்ஸீயில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர். ஒன்று ஊர் கூப்பிடும் பேர். மற்றது உண்மைப் பேர். பிள்ளை வளரும் பருவம் வரும்போது பெரியவர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். அதை அறிந்தவன் உன்னை ஆளலாம், ஆகவே உயிரை நம்பிக் கொடுக்கக்கூடியவரிடம் மட்டும்தான் அதைச் சொல்வார்கள். மந்திரம் என்பதே அங்கே பொருள்களின் உண்மைப் பேரை அறிவதுதான். ரோக் பள்ளிக்கூடத்தில் ஒரு தனிக் கோபுரத்தில் உட்கார்ந்து பட்டியல் பட்டியலாகப் பேர்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஓகியன் என்ற முதிய மந்திரவாதி நம் பையனைக் குளிர்ந்த ஊற்று நீரில் நடக்க வைத்து, கரையேறும்போது கையைப் பிடித்து, காதுக்குள் அவன் பேரைச் சொல்கிறார். பேர் கெட். ஊர் அவனை வல்லூறு என்று கூப்பிடும்.

காதுக்குள் பேர் சொல்வதை நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. தம்பிக்கோ தங்கச்சிக்கோ பேர் வைத்த நாளில் தாய்மாமன் குனிந்து மூன்று தரம் காதில் சொன்னதைப் பார்த்தவர்கள் அவர்கள். வீட்டுக்கு ஒரு பேரும் பாடசாலை இடாப்புக்கு ஒரு பேரும் எல்லாருக்கும் உண்டு. என் பாட்டி சாகும் வரை தாத்தாவின் பேரை வாயால் சொன்னதில்லை. முதல் பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பம்மா என்றும் பேர் வைத்தது, எமனுக்கு ஆசை வராமல் இருக்கத்தான். உண்மையானதை ஒளித்து வைத்துப் பொய்ப் பேரால் காப்பது எங்களுக்குப் பழைய வழக்கம்.

அதற்கு மேல் மலைநாட்டில் பேருக்கு இன்னொரு பொருளும் உண்டு. உங்களுக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்பார்கள். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேருக்கு நேரே விழும் அடையாளம்தான் அன்றைய சம்பளம். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். என் தாய் சில நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னைக்கு அரைப்பேருதான்" என்பார். சிறு வயதில் அந்த வார்த்தை எனக்கு அப்படியே விழுந்தது. அம்மாவின் பேரில் பாதியை யாரோ வெட்டி எடுத்துக்கொண்டார்கள் என்றே நினைத்தேன். தாத்தாவின் பேர் அவரிடமிருந்த மூன்று காகிதங்களில் மூன்று விதமாக எழுதியிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தில் நாடில்லாதவர்களாகி, 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று எண்ணப்பட்ட சனம் எங்கள் சனம். ஒரு எழுத்து மாறி எழுதப்பட்ட பேர் எவ்வளவு அலைச்சலைக் கொடுக்கும் என்பது எங்கள் வீடுகளுக்குத் தெரியும். இன்றைக்கும் பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் காலத்தில், பிறப்புச் சான்றிதழில் தன் பேரை யாரோ கேட்ட மாதிரி எழுதிவைத்ததைப் பார்த்து முகம் சுருங்கும் பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு பிள்ளையிடம், உனக்கு ஒரு உண்மைப் பேர் இருக்கிறது, அதை எந்தக் கிளார்க்காலும் பிழையாக எழுத முடியாது, யாருக்குச் சொல்வதென்று முடிவெடுப்பவள் நீதான் என்று ஒரு கதை சொல்லுமானால் அவள் ஏன் சோற்றுக்கு எழும்பி வரப் போகிறாள்?

லெ குவினுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவர் வளர்ந்த வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தகப்பன் ஆல்ஃபிரட் குரோபர் மானிடவியல் அறிஞர். 1911இல் கலிபோர்னியாவில், தன் இனத்தார் அத்தனை பேரும் அழிக்கப்பட்ட பின் தனியே எஞ்சிய பழங்குடி மனிதர் ஒருவர் காட்டிலிருந்து வெளியே வந்தார். அவர் வழக்கப்படி தன் பேரைத் தானே சொல்லக் கூடாது, தன் ஆட்களில் ஒருவர்தான் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். சொல்ல ஆளில்லை. அதனால் குரோபர் அவரை 'இஷி' என்றே அழைத்தார். அவர்களுடைய மொழியில் அதற்கு 'மனிதன்' என்று பொருள். 1916இல் இறக்கும் வரை அவர் தன் பேரைச் சொல்லவே இல்லை. உர்சுலாவின் தாய் தியடோராதான் பின்னால், 1961இல், அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியவர். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த மகள், ஏழு வருசம் கழித்து, பேரை உயிரைப் போல் ஒளித்து வைத்திருக்கும் மனிதர்களைப் பற்றி ஒரு கதை எழுதுகிறார்.

இனி நிழலுக்கு வருகிறேன். கெட்டுக்கு ஆற்றல் அதிகம், ஆணவமும் அதிகம். ரோக் பள்ளிக்கூடத்தில் வசதியான வீட்டுப் பையன் ஒருவன் அவனை இளக்காரமாகப் பார்க்கிறான், ஆட்டுக்காரன் என்று குத்திக் காட்டுகிறான். அவனுக்குத் தன் திறமையைக் காட்ட வேண்டும் என்ற வெறியில், இறந்துபோன ஒரு பழங்காலத்து அரசியின் ஆவியை கெட் ஒரு இரவில் அழைக்கிறான். கதவு திறக்கிறது. அவளுக்குப் பின்னால் முகமில்லாத கறுப்பு ஒன்று பாய்ந்து வந்து அவன் கன்னத்தைக் கிழிக்கிறது. திறந்த கதவை மூடுவதில் பள்ளியின் தலைவரான முதியவர் உயிரை விடுகிறார். அன்றிலிருந்து அந்த நிழல் அவனைத் தேடித் திரிகிறது. ஆடுகளை வரவழைத்து அனுப்பத் தெரியாமல் நின்ற அதே பிள்ளை!

2022ஆம் ஆண்டு கரண்ட் வெட்டு உங்களுக்கு ஞாபகமிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் இருட்டியதும் என் வீட்டு இஸ்தோப்புக்கு வந்துவிடுவார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், ஒரு மெழுகுவர்த்தி மட்டும் கொளுத்தி வைத்து, இந்தப் புத்தகத்தை ஒரு பந்தி ஆங்கிலத்தில் வாசிப்பதும் அதையே தமிழில் சொல்வதுமாக இருந்தேன். நிழல் வெளியே வரும் இடத்துக்கு வந்தபோது ஒரு பையன் சுவரைத் திரும்பிப் பார்த்தான். உடனே எல்லாரும் திரும்பினார்கள். எங்கள் அத்தனை பேரின் நிழலும் அங்கே இருந்தது. கடைக்குட்டி பயந்து எழும்பி நிற்க, அவளுடைய நிழல் தகரக் கூரை வரை ஏறிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. விளக்கு ஏற்றினால் நிழல் விழத்தான் செய்யும் என்று ரோக் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் கெட்டிடம் முன்பே சொல்லியிருந்தார். நான் மறுபடி விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். சட்டென்று கை ஓங்கும் பையன், முன்கோபி. வீட்டில் ஒரு பெரிய பிழை செய்துவிட்டு எல்லாரோடும் பேசாமல் இருந்தான், என்னவென்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மற்றவர்கள் போன பின் நின்று கேட்டான்: "டீச்சர், அந்த நெழல வேற யாராச்சும் கொல்ல ஏலாதா?" ஏலாது என்றேன். "அப்ப அவனேதான் போகணுமா?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான்.

மற்ற மந்திரக் கதைகளிலிருந்து இந்தத் தொடர் விலகி நிற்பது இங்கேதான். வேறு கதைகளில் கெட்டவன் ஒருவன் தூரத்துக் கோட்டையில் இருப்பான், கடைசியில் படை திரட்டிப் போய் அவனைக் கொல்வார்கள். இங்கே முதல் புத்தகத்தின் முடிவில் போர் இல்லை, படையும் இல்லை. பயந்து பயந்து ஓடிய பையன் கடைசியில் தன் பழைய குருவிடம் திரும்பி வருகிறான். ஓடாதே, திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார் குரு. துரத்திப் போகிறான், உலகத்தின் கிழக்கு விளிம்புக் கடல் வரை. நீங்கள் பெரியவர், உங்களுக்கு முடிவைச் சொல்லலாம். மகளிடம் சொல்லிவிடாதீர்கள். நேருக்கு நேர் நிற்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் ஒருவர் பேரை ஒருவர் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே பேர். பதின்மூன்று வயதில், தான் செய்த பிழைக்குத் தன் பேரை வைக்கத் தெரிந்த பிள்ளையை யாரும் லேசில் கெடுக்க முடியாது. புத்தி சொல்லி இதைப் புரிய வைக்க முப்பத்து நாலு வருசம் முயன்றவள் நான், வகுப்பறையில் அது நடக்கவில்லை. கதைதான் செய்தது.

ஓகியனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கெட் அவரிடம் சீடனாகப் போகிறான், மந்திரம் கொட்டும் என்று எதிர்பார்க்கிறான். அவரோ மூலிகை பறிக்கிறார், நடக்கிறார், பேசாமல் இருக்கிறார். மழை வருகிறது. சாதாரண மந்திரக்காரனே மழையை அடுத்த பள்ளத்தாக்குக்குத் தள்ளிவிடுவான். இவரோ மழையைப் பெய்ய விட்டுவிட்டு ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். நனைந்து நடுங்கும் பையனுக்கு, இந்த ஆற்றலை வைத்துக்கொண்டு என்ன பயன் என்று கோபம் வருகிறது. வகுப்பிலும் பாதிப் பேருக்குக் கோபம் வரும். மற்றப் பாதிப் பேர் பேசமாட்டார்கள். படங்கைச் சுற்றிக்கொண்டு அடை மழையில் கொழுந்து எடுக்கும் தாயின் பிள்ளைகளுக்கு மழையைப் பற்றி வேறு எண்ணம் இருக்கலாம். நான் தோண்டிக் கேட்பதில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட் செம்மண்ணிறத்தவன். அவனுடைய உயிர்த் தோழன் வெட்ச், நல்ல கறுப்பு. தீவுகளின் மக்களில் பெரும்பாலோர் பழுப்பும் கறுப்பும். ஊரை எரிக்க வருகிற கார்க் படையினர்தான் வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் கொண்டவர்கள். 1968இல் அமெரிக்காவில் இதை எழுதியவர் வேண்டுமென்றேதான் எழுதினார், ஆனால் தம்பட்டம் அடிக்காமல் போகிற போக்கில் வைத்தார். பல பதிப்புகளின் அட்டையில் கெட்டை வெள்ளையாகவே வரைந்துவிட்டார்கள். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் வெள்ளை நடிகரையே போட்டார்கள், லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். எங்கள் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியும் சினிமாவும் காட்டுவது வெள்ளை முகங்களையே. வெட்சின் நிறத்தைச் சொல்லும் வரியை ஒரு மாணவி விரல் வைத்து இரண்டு தரம் வாசித்துவிட்டு, "நல்லவன்தானே டீச்சர் இவன்?" என்று கேட்டாள். கடைசி வரை நல்லவன் என்றேன். உண்மையும் அதுதான். உலக விளிம்பு வரை கெட்டோடு படகில் போவது அவன் ஒருவன்தான்.

இரண்டாவது புத்தகத்துக்கு மகளின் கையில் கொஞ்சம் இடம் விடுங்கள். அது முதலாவதைப் போல் கடலும் காற்றுமாக ஓடாது. பெரும்பகுதி நிலத்துக்கு அடியில், வெளிச்சம் கொண்டுபோகக் கூடாத சுரங்கப் பாதைகளில் நடக்கிறது. டெனார் என்ற ஐந்து வயதுச் சிறுமியைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், பெயரில்லாத தெய்வங்களின் பூசாரியாக்குகிறார்கள். முதல் வேலையாக அவளுடைய பேரைப் பிடுங்குகிறார்கள். அன்றிலிருந்து அவள் 'ஆர்ஹா', அதாவது 'தின்னப்பட்டவள்'. வருசக் கணக்கில் தன் பேரையே மறந்துபோகிறாள். அந்த இருட்டுக்குள் திருடனாக வந்து அகப்பட்ட கெட் அவளுக்குக் கொடுப்பது பொன்னும் மணியும் அல்ல. "டெனார்" என்று கூப்பிடுகிறான். அவ்வளவுதான்.

தரம் 9 மாணவி ஒருத்தி இந்த இடத்தை வாசித்துவிட்டு அடுத்த நாள் வந்து தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். அக்கா பதினொரு வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவள். அந்த வீட்டாருக்கு அவள் பேர் வாயில் வரவில்லை என்று அவர்களே ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு வருசம் கழித்து வீடு வந்தவளைத் தாய் சொந்தப் பேரால் கூப்பிட்டபோது சட்டென்று திரும்பவில்லையாம். "அக்காவுக்கும் இந்தக் கதையச் சொன்னேன் டீச்சர்" என்றாள். அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. இன்னொருக்காச் சொல்லச் சொன்னிச்சு."

இதற்கு மேல் இந்தக் கதை ஏன் நிற்கிறது என்று நான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

உங்கள் கணவரின் கவலைகளையும் தள்ளிவிட மாட்டேன். மந்திரம் தந்திரம் என்று பயப்படத் தேவையில்லை. இந்தத் தொடரில் மந்திரத்தை எப்போது செய்யக் கூடாது என்பதற்குத்தான் கூட இடம். ஒரு இடத்தில் மழையை வரவழைத்தால் இன்னொரு இடத்தில் வறட்சி வரலாம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் அந்த மந்திரவாதிகள். கடவுள் நம்பிக்கைக்கும் பங்கம் இல்லை. மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடி, சிவனின் கோபத்தில் மன்மதன் எரிவதைக் கண்ணால் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை அந்நியமும் இல்லை. பாடம் கெடுமா என்றால், ஆங்கிலப் பாடத்துக்கு இதைவிட நல்ல துணை நான் பார்க்கவில்லை. வார்த்தைகள் பெரும்பாலும் சின்னவை: கல், காற்று, படகு, கை, வெளிச்சம். வாக்கியங்கள் மட்டும் நீளம், திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிறவர் மூச்சுப் பிடித்துச் சொல்வது போல. அதனால் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அகராதியைப் பக்கத்தில் வைக்க வேண்டாம், மாட்டுப்படும் வார்த்தையைத் தாண்டிப் போகட்டும், மூன்றாம் தரம் வரும்போது பொருள் தானே விளங்கும். புத்தகத்திலுள்ள தீவுப் படத்தைக் கொப்பியில் வரைந்து ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. எழுதியவரும் முதலில் படத்தைத்தான் வரைந்தார்.

குறையும் இருக்கிறது. முதல் புத்தகத்தில் பெண்கள் மிகக் குறைவு. வருகிறவர்களும் கிராமத்து மந்திரக்காரியும் கெடுக்க நினைப்பவளுமாகத்தான் பெரும்பாலும் வருகிறார்கள். ரோக் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. பெண்களின் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்று அந்தத் தீவுகளில் பழமொழியே உண்டு. ஒவ்வொரு வருசமும் வகுப்பில் ஒரு பெண்பிள்ளையாவது இதைக் கேட்டுவிடுவாள். உங்கள் மகளும் கேட்டால் மழுப்பாதீர்கள், அது சரியான கேள்வி. எழுதியவரே அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டவர். மூன்றாவது புத்தகம் என்னைப் பொறுத்தவரை மற்றவற்றைவிடக் கனம், சாவைப் பற்றியது, நடுவில் கொஞ்சம் இழுக்கும். பதினான்கு வயதுக்கு முன் வற்புறுத்த வேண்டாம்.

நான்காவது 'டெஹானு'. பார்சலில் அது இருந்தால் இப்போதைக்கு அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். பெரியவர்கள் ஒரு சின்னப் பிள்ளைக்குச் செய்த கொடுமை ஒன்று அதில் வருகிறது, தரம் 7க்கு அது வேண்டாம். இருட்டிலிருந்து வந்த அந்த டெனார் அதில் நடுத்தர வயதுப் பெண். கணவனை இழந்து, பிள்ளைகள் வளர்ந்து போய், கோண்ட் மலையில் ஒரு பண்ணை வீட்டில் ஆடு பார்த்து, தோட்டம் கொத்தி, பாத்திரம் கழுவிக்கொண்டு இருக்கிறாள். கெட் மந்திரமெல்லாம் தீர்ந்து வெறும் ஆளாக அவளிடம் வந்து சேர்கிறான். பாதி முகம் எரிந்த ஒரு பிள்ளையை அவள் எடுத்து வளர்க்கிறாள். பெண்கள் எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதினெட்டு வருசம் கழித்து அவர் கொடுத்த பதில் அந்தப் புத்தகம். அதை மகளுக்கு முன் நீங்கள் வாசித்துவிடுங்கள். நான் வாசித்தது நாற்பத்திரண்டு வயதில், என் வீட்டுக் குசினியில் நின்றபடியே. அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்த வாசம் வந்த பிறகுதான் தலை நிமிர்ந்தேன்.